வாய் மூடிய எழுத்து

ஏழாம் கட்டிலுக்கு எதிர் ஜன்னலில்
துறைமுகத்து கிரேன் விளக்கு.
மணலிப் பக்கம் காற்று திரும்பினால்
வார்டு முழுக்க தீக்குச்சி உரசிய வாசனை.
இரவு இரண்டு மணி.
மூன்று பேர் பார்க்க வேண்டிய டூட்டி,
ஒருத்தி பார்க்கிறேன்.

பி.டி. என்றால் காலையும் இரவும்.
டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை.
ஓ.டி. என்றால் ஒரே வேளை.
கண் வார்டில் அதுவே வலது கண்,
கேஷுவாலிட்டியில்
மாத்திரையை அள்ளி விழுங்கிவிட்டு வந்த பெண்,
என் வீட்டுக்காரருக்கோ
கன்டெய்னர் யார்டில் கூடுதலாக நின்ற நான்கு மணி நேரம்.
பாதி எழுத்துகள்
எந்த ஊர் மீன் கடையிலும் இன்று பேரம் பேசாத
ஒரு மொழியின் வெட்டிப்போட்ட தலைகள்.

தேசப்பனுக்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து தெரியும்.
முப்பது வருஷம் விசைப்படகில்
வயர்லெஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தவை.
சாயங்காலம் தன் சீட்டில் அவற்றைப் பார்த்துவிட்டு
மகளைக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கிறார்.
அழுதுகொண்டே வந்தாள் பவழரேகா.
"எஸ்.ஓ.எஸ்.னு எயுதிகீறாங்களாமே சிஸ்டர்,
எங்க நைனா முயுகிட்சா?"

இல்லம்மா.
காய்ச்சல் ஏறினால் மட்டும் கொடு என்று அர்த்தம்.
ஏறாவிட்டால் வேண்டாம்.
கரையில் அது அவ்வளவு சாதுவான எழுத்து.

அவர் நம்பவில்லை.
"அதுக்கு இன்னாத்துக்கு அதே எயுத்து?" என்றார்.
எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவருடைய இன்சுலின்.
நான்கு போட்டு, அதை ஒட்டியே
யூனிட்டுக்கு ஒரு யூ.
அவசரத்தில் பேனா மேலே ஏறி
அதன் வாயை மூடிவிட்டது.
வாய் மூடிய யூ ஒரு முட்டை.
நான்கின் பக்கத்தில் முட்டை வைத்தால்
நாற்பது.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
தாளைத் திருப்பி
பேனா அழுத்திய தடத்தை விரலால் தடவினேன்.
சர்க்கரை இருநூற்று முப்பது.
நான்காகத்தான் இருக்கும்.
ஆனால் எங்கள் சிரிஞ்சின் கடைசிக் கோடு நாற்பது,
அதுவரை இழுத்தாலும் தடுக்க ஒன்றுமில்லை.
"இருக்கும்" என்பதை
ஊசியில் ஏற்ற முடியாது.

மூன்றாவது தடவை போனை எடுத்தார் டாக்டர் முகிலரசன்.
முப்பத்தாறு மணி நேரம் தூங்காத குரல்.
"ஏன் சிஸ்டர், இது கூடப் புரியாதா?"
புரியுது டாக்டர்.
ரெண்டு விதமா புரியுது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
அப்புறம் மாடிப்படியில் செருப்பு.
லிஃப்ட் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓடவில்லை.

வந்தார். தன் கையெழுத்தையே
எங்கோ பார்த்த ஆளைப் போலப் பார்த்தார்.
என் பேனாவை வாங்கி
அதன் குறுக்கே ஒரு கோடு அடித்து,
எண்ணையும் எழுத்தால் எழுதி,
யூனிட்டையும் முழுசாக நீட்டி,
தேதி, நேரம், கையெழுத்து.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"டீ இருக்கா?" என்றார்.
ஃபிளாஸ்க்கில் பாதி இருந்தது.

தேசப்பன் விழித்துத்தான் கிடந்தார்.
சட்டையைத் தூக்கினேன்.
வயிற்றில் கயிறு அறுத்த பழைய தழும்பு.
"இன்னா தகராறு?"
ஒரு எழுத்துதான் அண்ணே. நாலா, நாற்பதான்னு.
"எழுதுனா அப்படித்தான்.
காசிமேட்டுல ஏலம் வாயாலதான்.
நாலுன்னா நாலு. படகு வரைக்கும் கேக்கும்."

நாலு, என்றேன் உரக்க.
பக்கத்துக் கட்டில் முனகிக்கொண்டு திரும்பிப் படுத்தது.
நாலு, என்றார் அவரும்.
ஊசி இறங்கியது.

மணி மூன்றேகால்.
பதினோராம் கட்டிலின் சீட்டை எடுத்தேன்.
ஐந்துக்கு முன்னால் ஒரு புள்ளி.
புள்ளியா,
ஈ உட்கார்ந்த தடமா.
போனைப் பார்த்தேன்.
டீயைக்கூடக் குடித்து முடித்திருக்கமாட்டார்.